அத்ரியாத்திக் கரையோரம் – 4: மதில் மேல் ஒரு காலை

கப்பல் குரூஷ் துறையை அணைந்தபோதே சுற்றுலாப் பேருந்துகள் வரிசைகட்டி நின்றன. கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் கூட்டத்தோடு போக எனக்கு மனமில்லை. துப்ரோவ்னிக்கின் பழைய நகரம் அங்கிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர்தான். துறைமுகத்துக்கு வெளியே நகரப் பேருந்து நிற்கிறது. 1ஏ, 1பி இரண்டுமே மேற்கு வாயிலான பிலேவில் இறக்கிவிடும். டிக்கெட்டைப் பெட்டிக்கடையில் வாங்கிக்கொண்டு ஏறினால், ஓட்டுநரிடம் வாங்குவதைவிடக் காசு குறைவு.

இறங்கியதும் நேரே மதிலுக்குப் போய்விட வேண்டும். கோடையில் காலை எட்டு மணிக்கே மேலே விடுகிறார்கள். பத்து மணிக்கு மேல் கப்பல் கூட்டம் வந்து சேரும், வெயிலும் கல்லில் இறங்கிவிடும். மதிலின் நீளம் 1,940 மீட்டர். சில இடங்களில் உயரம் 25 மீட்டர். எல்லோரும் ஒரே திசையில்தான் நடக்க வேண்டும். பிலேவில் ஏறினால் முதலில் கடற்பக்கம் வரும், மின்செட்டா கோபுரத்தின் செங்குத்தான படிகள் கடைசியில் வரும். அதற்குத் தண்ணீர் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

மின்செட்டாவில் நின்றால் நகரம் முழுக்க ஓட்டுக்கூரையாக விரிகிறது. மதிலை ஒட்டிய ஒரு வீட்டைக் கிட்டத்தில் பார்த்தேன். முகட்டின் ஒரு பக்கத்தில் வெயிலும் மழையும் தின்று வெளுத்த ஓடுகள். ஒன்றுபோல் ஒன்றில்லை, விளிம்பெல்லாம் கரும்பாசி. மறுபக்கத்தில் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில், பளிச்சென்ற செம்மஞ்சள் ஓடுகள். யூகோஸ்லாவியா உடைந்த சமயம், 1991 அக்டோபரில், அந்நாட்டு ராணுவம் இந்த நகரை முற்றுகையிட்டது. குடிதண்ணீரும் மின்சாரமும் நின்றுபோயின. டிசம்பர் 6 அன்று விழுந்த குண்டுகள்தான் மிகக் கொடியவை. 1979 முதலே யுனெஸ்கோ பட்டியலில் இருந்த நகரம் இது. பழைய நகரின் 824 கட்டடங்களில் 563 அடிபட்டன. அந்தப் புது ஓடுகள் அதற்குப் பிறகு வேய்ந்தவை. எந்தக் கூரையில் குண்டு விழுந்தது, எந்த வீடு எரிந்தது என்று குறித்த வரைபடம் ஒன்று பிலே வாயிலுக்கு உள்ளே சுவரில் இருக்கிறது. மதிலில் ஏறுமுன் அதை ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பிறகு அந்தப் புதுச் சிவப்பை வெறும் அழகாக மட்டும் படமெடுக்கக் கை வராது.

கீழே இறங்கினால் ஒனோஃப்ரியோவின் நீரூற்று. நேப்பிள்ஸ் பக்கத்திலிருந்து வந்த கட்டடக் கலைஞர் அவர். 1438ல் சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். பதினாறு முக வடிவங்களின் வாயிலிருந்து இன்றும் கொட்டுகிறது; புட்டியை நிரப்பிக்கொள்ளலாம். எதிரே பிரான்சிஸ்கன் மடத்தில் 1317ல் தொடங்கிய மருந்தகம். ஸ்ட்ராடுன் என்ற பெரிய வீதியின் சுண்ணாம்புக்கல் தளம் நூற்றாண்டுக் கணக்கில் காலடி பட்டு வழவழத்துப் போயிருக்கிறது. கடைகளைத் தாண்டி நேரே ரெக்டர் மாளிகைக்குப் போனேன்.

அன்று ராகுசா என்று பெயர் பெற்ற இந்தச் சிறு குடியரசின் தலைவர்தான் ரெக்டர். அவருக்குப் பதவிக்காலம் ஒரே மாதம். அந்த ஒரு மாதமும் அரசு வேலையாக அல்லாமல் மாளிகையை விட்டு வெளியே வரக்கூடாது. யாரும் அதிகாரத்தில் வேர்விட்டுவிடக் கூடாது என்பதே நோக்கம். முற்றத்தில் ஒரே ஒரு மார்பளவுச் சிலை, 1638ல் வைத்தது. லோபுத் தீவைச் சேர்ந்த கப்பல் முதலாளி மிஹோ பிராட்சத்துடையது. பிரபு குலத்தில் பிறக்காத அவர் தன் சொத்தைக் குடியரசுக்கு எழுதிவைத்தவர். கப்பலால் வாழ்ந்த ஊர் கப்பல்காரரை மறக்கவில்லை. 1416லேயே அடிமை வியாபாரத்தைத் தடை செய்த ஊரும் இதுதான். நெப்போலியனின் தளபதி மார்மோன் 1808ல் இந்தக் குடியரசுக்கு முடிவு கட்டினார்.

நான் அதிக நேரம் இருந்தது பிளோச்சே வாயிலுக்கு வெளியே உள்ள லசரெட்டியில். கடலோரமாக நீண்ட கல் கூடங்கள், நடுநடுவே முற்றங்கள். கொள்ளைநோய் ஐரோப்பாவை உலுக்கிய காலத்தில், 1377ல், நோய் பரவிய இடத்திலிருந்து வருபவர் ஒரு மாதம் தனித்திருந்த பிறகே நகருக்குள் நுழையலாம் என்று ராகுசாவின் பெருமன்றம் சட்டம் போட்டது. முதலில் அவர்களை மிர்கான் போன்ற சிறு தீவுகளில் வைத்தார்கள். இந்தக் கூடங்கள் அதற்காகவே 17ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. துறைமுகத்தை மூடவில்லை, வியாபாரத்தை நிறுத்தவில்லை, காத்திருக்கச் சொன்னார்கள். கொரோனா காலத்தில் நாமெல்லோரும் வீட்டுக்குள் இருந்தோமே, அதன் ஆதி ஏற்பாடுகளில் ஒன்று இங்கே பிறந்தது. ஆனாலும் நான் இருந்தவரை உள்ளே வந்தவர்கள் சொற்பம்.

இப்போது இந்த ஊரை வருத்துவது கூட்டம். ஒரே நேரத்தில் இரண்டு கப்பல், 4,000 பயணிகள் என்று 2019ல் கப்பல் நிறுவனங்களோடு பேசி வரம்பு வைத்தார்கள். பயணிகளுக்கு இடைஞ்சல் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. எனக்கு அது முழுக்க நியாயமாகப்படுகிறது. குடியிருக்கிறவர்கள் நடமாட முடியாத ஊரில் நமக்குப் பார்க்க என்ன இருக்கும்?

தனியாகப் போகிறவர்கள் கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கப்பல்காரர்களின் சுற்றுலாக் குழு தாமதமானால் பெரும்பாலும் காத்திருப்பார்கள். தனியாகப் போனவருக்காகக் காத்திருக்க மாட்டார்கள். பிலேவில் திரும்பும் பேருந்துக்கு மதியத்துக்கு மேல் நெரிசல் அதிகம், ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுங்கள். எதை விட்டாலும் லசரெட்டியை விட்டுவிடாதீர்கள்.

(அடுத்து: கொட்டோர் வளைகுடா)