நாலரை மணித்தியாலத் தூரம்

கொழும்பிலிருந்து துபாய் ஏறத்தாழ 3,300 கிலோமீற்றர். விமானம் சுமார் நாலரை மணித்தியாலத்தில் போய்விடும். அங்குள்ள நேரம் நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னால். ஆகவே இங்கே காலை 10 மணிக்கு ஏறினால், அங்கே இறங்கும்போது மணி 1 தான். புவியியல் பாடத்துக்கு முன்பே வாப்பா இதைத் தொலைபேசியில் சொல்லித் தந்தார்.

இறக்குவானையில் எங்கள் தோட்டத்திலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் போகவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் எடுக்கும். "நீங்க கொழும்புக்குப் போய்ச் சேர முந்தி நான் வந்திருவேன் மகள்" என்று வாப்பா சிரிப்பார்.

சென்ற வருடம் ஒரு நாள் சுபஹ் நேரத்தில் வாப்பும்மா மௌத்தானார். அஸர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். வாப்பா அவருக்கு ஒரே மகன். நான் கொப்பியின் கடைசித் தாளில் கணக்குப் போட்டேன். விமானம் நாலரை மணித்தியாலம், கட்டுநாயக்கவிலிருந்து வீட்டுக்கு ஐந்து. அஸருக்கு முன் வந்துவிடலாம்!

ஆனால் லீவுக் கடிதத்துக்கும் டிக்கெட்டுக்கும் எவ்வளவு நேரம் என்பதை நான் கூட்டவில்லை. அஸர் தொழுதார்கள், ஜனாஸாவைத் தூக்கினார்கள். வாப்பா வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மூன்றாம் நாள் வந்தார். பையை வாசலில் வைத்துவிட்டு நேரே மையவாடிக்குப் போனார். அந்தத் தாளை நான் அவரிடம் காட்டவில்லை.

துபாய் எவ்வளவு தூரம் என்று தோழிகள் கேட்டால் இப்போது மூன்று நாள் என்கிறேன். தூரத்தில் உழைக்கும் எல்லாப் பெற்றோரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக.