டைகருக்கு அனுமதி இல்லை!

பெயர் என்னவோ டைகர். ஆனால், புலிகள் காப்பகத்துக்குள் இறங்க அதற்கு அனுமதி கிடைக்கவில்லை!

சேலம் சூரமங்கலத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் வளர்க்கும் நாட்டு நாய் அது. சில ஆண்டுகளுக்கு முன் ஜங்ஷன் பக்கத்துத் தெருவில் பிறந்த ஐந்து குட்டிகளில் நான்கு, மூக்கில் சளி வழிய, வலிப்பு வந்து ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. மிஞ்சிய ஒன்றை வீட்டுக்குத் தூக்கி வந்தார். மனைவி போன பிறகு டைகர்தான் அவருக்குப் பேச்சுத்துணை.

கோடை விடுமுறைக்கு மகன், மருமகள், பேரனோடு முதுமலைக்குக் கிளம்பியபோது டைகரும் காரில் ஏறிக்கொண்டது. தெப்பக்காட்டில் சஃபாரி டிக்கெட் எடுக்கும் இடத்தில் அதை இறக்கப் போனார். வனக்காப்பாளர் ஓடி வந்தார்.

"ஐயா, இறக்காதீங்க. கதவைச் சாத்துங்க."

"ஒண்ணும் பண்ணாது தம்பி. சங்கிலி போட்டிருக்கு."

"சங்கிலி இருந்தாலும் கூடாதுங்க."

"அமெரிக்காவுல எல்லாம் பார்க்குக்குள்ள நாயை விடுறாங்களே?" என்றார் மகன். உண்மைதான். ஆனால், அங்கும் குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே அனுமதி. கயிறு 6 அடிக்கு மேல் இருக்கக் கூடாது.

நம் நாட்டில் என்ன சட்டம்? 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, தேசியப் பூங்காவுக்குள் நுழையவே அனுமதி வேண்டும். அனுமதியின் நிபந்தனையை மீறினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2022-ல் சட்டம் திருத்தப்படும் வரை இந்த அபராதத்தின் உச்சவரம்பு 25,000 ரூபாய்தான்.

நாயை ஏவி மானை விரட்டினால், மான் சாகாவிட்டாலும் அது வேட்டைதான். தேசியப் பூங்காவுக்குள் வேட்டை என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. முதுமலை, முக்குருத்தி, ஆனைமலை, கிண்டி, மன்னார் வளைகுடா என தமிழகத்தின் ஐந்து தேசியப் பூங்காக்களுக்கும் இதே சட்டம்தான்.

பெரியவரின் முகம் வாடியதைப் பார்த்து, வனக்காப்பாளர் தணிவாகக் கேட்டார். "ஊசியெல்லாம் போட்டிருக்கீங்களாய்யா?"

"வெறிநோய்க்குப் போட்டிருக்கேன்."

"டிஸ்டெம்பருக்கு?"

அவருக்கு அந்தப் பெயரே புதிது. நாயின் எச்சில், மூக்குச்சளி வழியாகப் பரவும் வைரஸ் அது. சளியில் தொடங்கி, வலிப்பில் முடியும். 1994-ல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் இருந்த சிங்கங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கை இந்த நோய் கொன்றது. 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோதும், இதே வைரஸ் கண்டறியப்பட்டது. முதுமலையின் புலிக்கும் செந்நாய்க்கும்கூட இது தொற்றக்கூடும். காட்டு விலங்குகளைப் பிடித்து ஊசி போடுவது எளிதல்ல. வீட்டு நாய்க்குப் போடலாம்.

'சளி, வலிப்பு' என்று கேட்டதும் பெரியவர் டைகரின் தலையில் கை வைத்தார். தெருவோரம் துடித்த அந்த நான்கு குட்டிகளும் அவர் கண்முன் வந்துபோயின.

மற்ற மூவரும் சஃபாரிக்குப் போனார்கள். அவர் கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு, காரிலேயே டைகரோடு உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்த பேரன், "தாத்தா, எவ்ளோ மான் தெரியுமா! நீங்கதான் பார்க்கல" என்று வருத்தப்பட்டான்.

"பரவால்லடா. அதுங்க நல்லா இருந்தா சரி."

ஊர் திரும்பிய மறுநாளே டைகரைக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துப் போய் ஊசி போட்டார். அத்தோடு நிற்கவில்லை. தெருவில் புதிதாகப் பிறந்திருக்கும் குட்டிகளுக்கு எந்த வயதில் ஊசி போடலாம் என்றும் கேட்டு வந்திருக்கிறார். எதற்கு இதெல்லாம் என்று கேட்ட மகனுக்கு அவர் சொன்ன பதில் ஒன்றுதான்.

"நாலு குட்டிங்க போனது போதும்ப்பா."