நான் ஒண்ணுமே பண்ணலீங்க!

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கப் போகிறவனுக்கு எந்த ஆபீஸுக்குப் போனாலும் காதில் விழுகிற முதல் வாக்கியம் எது தெரியுமா? 'கம்ப்யூட்டர் ஓடலை' என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. அது ரெண்டாவது. முதல் வாக்கியம்: 'நான் ஒண்ணுமே பண்ணலீங்க!'

நீங்களும் ஒருமுறையாவது சொல்லியிருப்பீர்கள். ஃபேன் ரிப்பேர் ஆனால் யாரும் இப்படிச் சொல்வதில்லை. மிக்ஸி ஓடாவிட்டால், 'சனியன், கெட்டுப்போச்சு' என்று மிக்ஸியைத்தான் திட்டுகிறோம். ஆனால், கம்ப்யூட்டர் நின்றால் மட்டும் நம் கை தானாகப் பின்னால் போய்விடுகிறது, பீரோவை உடைத்துப் பிடிபட்டவன் மாதிரி! ஏன் இந்தப் பயம்? இதை எனக்குப் புரியவைத்தது எந்தப் பாடப்புத்தகமும் இல்லை. ஆறு மாச டிரெயினிங்தான்.

2003-ல் கோவையில் நான் டிப்ளமோ கடைசி வருடம். சாண்ட்விச் கோர்ஸ். ரெண்டு ரொட்டிக்கு நடுவே காய்கறி வைக்கிற மாதிரி, வகுப்புகளுக்கு நடுவே கம்பெனிப் பயிற்சியை வைத்துத் தருவதால் அந்தப் பெயர். இன்றைக்கு 'இன்டர்ன்ஷிப்' என்று ஸ்டைலாகச் சொல்கிறார்கள். அன்றைக்கு வெறும் 'டிரெயினிங்'. சம்பளம் கிடையாது. டீயும் பஸ் காசும் உண்டு.

நான் போய்ச் சேர்ந்த கம்பெனி, ஆபீஸ்களுக்கு ஏ.எம்.சி. எடுப்பது. அதாவது, வருஷத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு அவர்களுடைய கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பது. என்னை ஒரு சீனியர் இன்ஜினீயரோடு சேர்த்துவிட்டார்கள். 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய டி.வி.எஸ். ஃபிஃப்டியில் பின்னால் உட்கார்ந்து, மடியில் டூல்ஸ் பையை வைத்துக்கொண்டு பீளமேடு, கணபதி, சிங்காநல்லூர் என்று ஊர் சுற்றியதுதான் என் டிரெயினிங்.

கல்லூரியில் மைக்ரோபிராசஸர் படித்துவிட்டு வந்தவனுக்கு முதல் வாரமே கிடைத்த ஆயுதம் எது தெரியுமா? பென்சில் அழிக்கிற ரப்பர்! ராம் கார்டைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, திரும்பச் செருகினால் செத்த மெஷின் உயிரோடு எழுந்து உட்காரும். தேதி அடிக்கடி பழைய வருஷத்துக்கு ஓடினால், மதர்போர்டில் இருக்கும் காசு சைஸ் பேட்டரியை மாற்ற வேண்டும். நெட்வொர்க் இல்லையென்றால், முதலில் எலி கடித்திருக்கிறதா என்று ஒயரைப் பார்க்க வேண்டும். இதெல்லாம் ஒரே மாசத்தில் வந்துவிட்டது.

வராமல் இருந்தது ஒன்றுதான். ஒரே ஆபீஸுக்கு நான் போனால், என்ன நடந்தது என்று ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அண்ணா போனால் எல்லாரும் கொட்டித் தீர்ப்பார்கள். என்ன மந்திரம் என்று கவனித்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் பிடிபட்டது.

எல்லாரும் கேட்பது, 'கடைசியா என்ன பண்ணீங்க?' அவர் கேட்பது, 'அது என்னங்க பண்ணுச்சு?'

கவனித்தீர்களா? ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். முதல் கேள்வி போலீஸ் ஸ்டேஷன் கேள்வி. பதில் 'நான் ஒண்ணுமே பண்ணலீங்க' என்றுதான் வரும். ரெண்டாவது கேள்வியில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது மெஷின். மனுஷர் சாட்சி மட்டும்தான். சாட்சி சொல்வதற்கு யாருக்கும் பயமில்லை.

இது சும்மா பேச்சு சாமர்த்தியம் என்றுதான் அப்போது நினைத்தேன், ஆகஸ்ட் மாதம் வரும் வரை.

2003 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, 'பிளாஸ்டர்' என்றொரு புழு இன்டர்நெட்டில் பரவ ஆரம்பித்தது. அதுவரை வந்த வைரஸ்கள் பெரும்பாலும் யாராவது ஒரு தப்பான மெயிலைத் திறந்தால்தான் உள்ளே வரும். 2000-ல் உலகத்தையே கலக்கிய 'ஐ லவ் யூ' வைரஸ் அப்படித்தான். காதல் கடிதம் என்று நம்பித் திறந்தவர்கள் மாட்டினார்கள். பிளாஸ்டருக்கு அந்த உதவிகூடத் தேவையில்லை. விண்டோஸ் 2000, எக்ஸ்பி போட்ட மெஷின் இன்டர்நெட்டோடு இணைந்திருந்தால் போதும். அந்த விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டை வழியாகத் தானே நுழைந்துவிடும். எதையும் கிளிக் செய்ய வேண்டாம், எதையும் திறக்க வேண்டாம்.

எக்ஸ்பியில் ஃபயர்வால் என்ற காவல்காரன் அப்போதே இருந்தான். ஆனால், தூங்கவைத்தே அனுப்பியிருந்தார்கள்! அவன் தானாக விழித்தபடி வர ஆரம்பித்தது 2004 ஆகஸ்ட்டில் வந்த சர்வீஸ் பேக் 2-க்குப் பிறகுதான்.

12-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. எங்கள் ஆபீஸ் போன் அலற ஆரம்பித்தது. முதலில் நாங்கள் போனது மோட்டார் உதிரிபாகம் செய்கிற ஓரிடத்துக்கு. அக்கவுன்ட்ஸில் ஒரு அம்மா. ஐம்பதை நெருங்குகிற வயசு. டைப்ரைட்டர் காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு கஷ்டப்பட்டு டேலி கற்றுக்கொண்டவர். அன்றைக்கு அவர் தன் சீட்டில் இல்லை. ஓரமாக ஒரு ஸ்டூலில், பழைய லெட்ஜரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேனேஜர் எங்களைப் பார்த்ததும் சத்தமாகவே சொன்னார். "இந்தம்மா வீட்லேர்ந்து ஃபிளாப்பி கொண்டாந்து போட்டுட்டாங்க. வைரஸ் ஏறிப்போச்சு. இனி மெஷின் பக்கமே வர வேண்டாம்னுட்டேன். கம்ப்யூட்டர் படிச்ச புள்ளையா ஒண்ணைப் பாத்துக்கலாம்னு முதலாளிகிட்டயும் பேசிட்டேன்."

அந்த மாதம் 15-ஆம் தேதிக்குள் தொழிலாளர்களுடைய பி.எஃப். பணத்தைக் கட்டியாக வேண்டும். 15 சுதந்திர தினம், லீவு. ஆக, 14-தான் கடைசி. கணக்கு முழுக்க அந்த மெஷினுக்குள். மெஷினோ நிமிஷத்துக்கு ஒரு தடவை அணைந்து அணைந்து எரிகிறது. பணம் கட்டாமல் போனால் பழி யார் தலையில் விழும் என்பதில் அந்த ஹாலில் யாருக்கும் சந்தேகமில்லை.

அண்ணா மெஷினைத் தொடவில்லை. ஸ்டூலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"அது என்னங்கம்மா பண்ணுச்சு?"

"நான் ஒண்ணுமே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "டப்பா மாதிரி ஒண்ணு வந்துச்சுங்க. அறுபதுலேர்ந்து எண்ணிட்டே எறங்குச்சு. சைபர் வந்ததும் அணைஞ்சு போச்சுங்க."

"அதுக்கு முன்னாடி மெஷின் நல்லாத்தான் இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுங்க. பேங்குக்கு மெயில் அனுப்ப மோடம் போட்டேன். கிர்ருனு கத்தி லைன் கெடைச்சுது. செத்த நேரத்துல இந்த டப்பா வந்துருச்சுங்க." அப்புறம், யாரும் கேட்காமலே, கைப்பையிலிருந்து ஒரு ஃபிளாப்பியை எடுத்து நீட்டினார். "பையனோட பயோடேட்டா தம்பி. பிரின்ட் எடுக்கலாம்னு போட்டது நெசந்தானுங்க."

'மோடம்' என்ற அந்த ஒரு வார்த்தைதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. காலையிலிருந்து அந்த ஆபீஸில் அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஃபிளாப்பியைப் பற்றியே விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணா டெலிபோன் ஒயரைப் பிடுங்கினார். நெட்வொர்க் ஒயரையும் பிடுங்கினார். அறுபது வினாடி டப்பா திரும்ப வந்ததும் 'ரன்' போய் 'ஷட்டவுன் மைனஸ் ஏ' என்று அடித்தார். கவுன்ட்டவுன் நின்றது! எனக்குக் கைதட்டத் தோன்றியது.

அடுத்து, ஓட்டையை அடைக்கிற பேட்ச் வேண்டும். அது இன்டர்நெட்டில் இருக்கிறது. இன்டர்நெட்டுக்குப் போனால் புழு திரும்ப வந்துவிடும். இது எப்படி இருக்கிறது? டாக்டர் வீட்டு வாசலிலேயே வெறிநாய் கட்டிப்போட்ட மாதிரி! என்னைப் பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டருக்கு விரட்டினார். அங்கே இருந்தது விண்டோஸ் 98 போட்ட பழைய மெஷின். பிளாஸ்டர் அதைத் தொடாது. பழசாக இருந்ததால் பிழைத்தது. பேட்ச்சையும் புழு நீக்கும் டூலையும் அங்கே இறக்கி, அந்த அம்மாவின் ஃபிளாப்பியையும் சோதித்தேன். உள்ளே ஒரே ஒரு ஃபைல். அவர் மகனுடைய பயோடேட்டா. வைரஸ், கிரஸ் ஒன்றும் இல்லை.

மதியத்துக்குள் மெஷின் சரியாகிவிட்டது. கணக்கு ஒரு பைசா குறையாமல் அப்படியே இருந்தது. ஆனால், நான் சொல்ல வந்த விஷயம் இதற்குப் பிறகுதான்.

வேலை முடிந்ததும் சர்வீஸ் ரிப்போர்ட் எழுத வேண்டும். கார்பன் வைத்து மூணு காப்பி. அதில், 'பழுதுக்கான காரணம்' என்று ஒரு கட்டம். மேனேஜர் சொன்னார், "யூசர் மிஸ்டேக்னு போட்டுக் குடுத்துருங்க."

யோசித்துப் பாருங்கள். எழுதினால் யாருக்கு நஷ்டம்? மேனேஜருக்கு அவர் சொன்னது சரியாகிவிடும். எங்கள் கம்பெனிக்கும் நல்லதுதான். ஏனென்றால், அந்த ஓட்டைக்கான பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் ஜூலை 16-ஆம் தேதியே, புழு வருவதற்கு நாலு வாரம் முன்பே, வெளியிட்டுவிட்டது. பராமரிப்புக்குப் பணம் வாங்குகிறவர்கள் அதைப் போடவில்லை என்ற பேச்சே எழாது. ரெண்டு பக்கத்துக்கும் வசதியான பதில். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒருத்தரைத் தவிர.

அண்ணா நிதானமாக எழுதினார்: 'பிளாஸ்டர் வைரஸ். மோடம் வழியாக வந்தது. பேட்ச் போடாததே காரணம். யூசர் தவறு எதுவும் இல்லை.'

மேனேஜர் படித்துப் பார்த்தார். "பேட்ச்சை யாருங்க போட்டிருக்கணும்?"

"நாங்கதாங்க."

ஹாலில் சத்தமே இல்லை. அந்த அம்மா லெட்ஜரை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, தன் சீட்டில் வந்து உட்கார்ந்தார். பி.எஃப். பணம் 14-ஆம் தேதி கட்டப்பட்டது. அண்ணாவுக்கு எங்கள் ஆபீஸில் நல்ல டோஸ் விழுந்தது. அடுத்த வருஷம் அந்த ஏ.எம்.சி.யைப் புதுப்பிக்கவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

திரும்பி வருகிறபோது வண்டியில் கேட்டேன். "ஏண்ணா, அப்படியே எழுதணுமா?" ஏதாவது பெரிய தத்துவம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது சுத்தமான தொழில் கணக்கு. "பொய் எழுதுனா, அடுத்த வாட்டி அந்தம்மா மோடம் போட்டேன்னு சொல்லுமா தம்பி?"

அவ்வளவுதான். பழி போடுகிற இடத்தில் உண்மை வராது. உண்மை வராத இடத்தில் ரிப்பேர் பார்க்க முடியாது. ஆறு மாச டிரெயினிங்கில் நான் கற்றுக்கொண்ட மொத்த கம்ப்யூட்டர் சயின்ஸும் இதுதான்.

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் இதே தொழிலில் இருந்துவிட்டேன். மெஷின்கள் மாறிவிட்டன. அந்த முதல் வாக்கியம் மாறவில்லை. 2024 ஜூலை 19-ஆம் தேதி நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில் நின்றன. நம் ஊர் ஏர்போர்ட்டுகளில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கும் என் போனில் கேட்டது அதே குரல்தான். 'சார், நான் ஒண்ணுமே பண்ணலை!' நிஜமாகவே அவர்களில் யாரும் ஒன்றுமே பண்ணவில்லை.

இது ஆபீஸோடு போகிற விஷயமாக இருந்தால் இந்த வாரம் இதை எழுதியிருக்க மாட்டேன். இன்றைக்கு அந்த மெஷின் உங்கள் அப்பாவின் சட்டைப் பாக்கெட்டிலும் அம்மாவின் தலையணைக்குப் பக்கத்திலும் இருக்கிறது, பேங்க் கணக்கோடு சேர்த்து! 'சப்போர்ட்லேர்ந்து பேசறோம், இந்த ஆப்பைப் போடுங்க' என்று ஒருத்தன் கூப்பிடுகிறான். 'உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணிருக்கோம்' என்று இன்னொருத்தன் மிரட்டுகிறான். அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது என்பது பெரியவர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்?

பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். சீக்கிரம் சொன்னால், பணம் கை மாறுவதற்குள் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. ஆனால், ஏமாந்தவர் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்? பிள்ளைக்குத் தெரிந்தால் திட்டுவானே என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார். மூணு நாள் கழித்துத்தான் விஷயம் வெளியே வருகிறது. அதற்குள் பணம் எந்த ஊருக்குப் போனதோ! திருடன் எடுத்தது பாதி. நம் கோபத்துக்குப் பயந்து போனது மீதி.

அதனால், ஒரு சின்ன வேண்டுகோள். அப்பா போனை நீட்டி, 'என்னமோ ஆயிடுச்சுப்பா, நான் ஒண்ணுமே பண்ணலை' என்று நின்றால், வெடுக்கென்று பிடுங்காதீர்கள். 'எத்தனை வாட்டி சொல்றது?' என்று ஆரம்பிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, 'அது என்னப்பா பண்ணுச்சு?' என்று கேட்டுப் பாருங்கள்.

முழுசாகச் சொல்வார். நடுவில் பேசாமல் கேளுங்கள். உங்களுக்கு வேண்டிய அந்த ஒரு வார்த்தை அதில்தான் இருக்கும்.