ஒரு ஸ்பூன் நிம்மதி

செம்பூர் வீட்டில் அன்று இரவு ஒரு மணி தாண்டியும் யாரும் தூங்கவில்லை. ஒன்றரை வயதுப் பேரனுக்குச் சளி, இருமல். "ஒரு ஸ்பூன் சிரப் கொடுத்தால் தூங்கிவிடுவானேம்மா" என்றாள் மகள். பெரியவனுக்கு வாங்கிய பாட்டில் அலமாரியில் பாதி மிச்சம் இருந்தது. அதைத் தொடவே கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன்.

காரணம் பழையது. 1980களின் நடுவில் தாராவியில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். என் மூத்தவனுக்கு அப்போது இரண்டு வயது முடியவில்லை. தெருமுனை மெடிக்கலில் கேட்டு வாங்கிய சிரப்பைச் சாப்பாட்டு ஸ்பூனில் ஊற்றிக் கொடுத்தேன். இருமல் நின்றது. ஆனால் உலுக்கினாலும் பையன் கண் திறக்கவில்லை. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். மறுநாள்தான் விழித்தான். "டீ ஸ்பூன் என்றால் 5 மில்லி. நீங்கள் கொடுத்தது அதைப்போல மூன்று மடங்கு. இருமல் குணமாகவில்லை, குழந்தை மயங்கியிருக்கிறது" என்றார் டாக்டர்.

என் கதை அளவு தப்பிய கதை. மருந்தே விஷமான கதைகளும் உண்டு. 1986இல் இதே மும்பையில் ஜே.ஜே. மருத்துவமனையில், கிளிசரினில் கலந்திருந்த டைஎத்திலீன் கிளைக்கால் 14 நோயாளிகளின் உயிரைக் குடித்தது. நீதிபதி லெண்டின் கமிஷன் விசாரித்தது. நாற்பது ஆண்டுகள் கழித்தும் பாடம் படித்ததாகத் தெரியவில்லை. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழக அதிகாரிகளின் சோதனையில் அதில் 48.6 சதவிகிதம் அதே ரசாயனம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவிகிதம்.

பாட்டிலுக்குள் விஷம் இருக்கிறதா என்று எந்தத் தாயாலும் கண்டுபிடிக்க முடியாது. இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்த மருந்து தேவைதானா என்று கேட்க முடியும். பெரும்பாலும் தேவையில்லை. சாதாரணச் சளி வைரஸால் வருவது. சில நாட்களில் தானே போய்விடும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுவரை பொதுவாகத் தவிர்க்க வேண்டும் என்று மத்திய சுகாதாரத் துறையே 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது.

அன்று இரவு பேரனுக்கு மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டோம். தாய்ப்பால், வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு வயது தாண்டியவன் என்பதால் கொஞ்சம் தேன். தேனை ஒரு வயதுக்குள் கொடுக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணினேன். அவன் வயதில் நாற்பதை எட்டினாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். முப்பத்திரண்டுதான் இருந்தது. விடியற்காலையில் தூங்கிவிட்டான்.

காலையில் மாட்டுங்காவில் குழந்தை டாக்டரிடம் காட்டினோம். நெஞ்சை நன்றாகப் பரிசோதித்தார். சீட்டில் மருந்து எதுவும் எழுதவில்லை.

வெளியே வந்ததும் மகள் முணுமுணுத்தாள்: "பீஸை வாங்கிக்கொண்டு ஒன்றுமே எழுதவில்லையே!"

அந்த ஒன்றுமில்லாத சீட்டுக்காகத்தான் பீஸ் கொடுத்தோம் என்றேன். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பாதி பாட்டிலை அவளே தூக்கிப் போட்டாள்.