இரும்புப் பெட்டியில் ஒரு பிரௌனிங்

"துப்பாக்கியைப் பற்றிக் கட்டுரையா!" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், அம்மணி. தொடர்கதை அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது. எங்கும் ஓடிப் போய்விடாது. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே படிக்கக்கூடிய சங்கதிதான் இது. ஏனென்றால், இதில் துப்பாக்கிகளைக் காட்டிலும் குடும்ப ஸ்திரீகள்தான் அதிகம் வருகிறார்கள்.

சென்ற வருஷம் காரியாலய வேலையாக வியன்னா நகரத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பெரியவர் சிநேகமானார். ஓய்வு பெற்ற எஞ்சினீயர். நம் ஊரில் சிலர் தபால் தலை சேர்ப்பதுபோல, அவர் பழைய ஐரோப்பியக் கைத்துப்பாக்கிகளைச் சேர்ப்பவர். சுவரெங்கும் மாட்டி வைத்திருப்பார் என்று எண்ண வேண்டாம். அந்தத் தேசத்தில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். அதற்கு முன்னால் மனோதத்துவ நிபுணரிடம் பரீட்சை கொடுத்து, "இவர் நிதானமுள்ளவர்" என்று எழுதி வாங்கவேண்டும். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு பரீட்சை வைத்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றினால், அதற்கு நான் ஜவாப்தாரி அல்ல!

பெரியவரிடம் இருந்தவை மூன்று. முதலாவது ஜெர்மன் மௌஸர், 1896-ல் பிறந்த ஜாதி. அதன் பிடி துடைப்பத்தின் கைப்பிடிபோல உருண்டையாக இருக்கும். 1914 ஆகஸ்டில் கல்கத்தாவில் வங்காளப் புரட்சிக்காரர்கள் ராடா கம்பெனிச் சரக்கிலிருந்து கடத்திக்கொண்டு போனார்களே 50 துப்பாக்கிகள், அவை இந்த ஜாதிதான். இரண்டாவது லூகர், ஜெர்மன் ராணுவம் 1908-ல் ஏற்றுக்கொண்டது. மூன்றாவது பெல்ஜியத்தில் செய்த சின்னஞ்சிறு பிரௌனிங், 1910-ம் வருஷத்து மாதிரி. எடை சுமார் 600 கிராம். கோட்டுப் பைக்குள் அடங்கிவிடும்.

ஒரு நாள் பெரியவர் என்னை நிலவறைபோன்ற ஒரு சுடும் கூடத்துக்கு அழைத்துப் போனார். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, அப்புறம் உபதேசம். "தோட்டா இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதே. எப்போதும் இருப்பதாகவே நினை. குறி பார்க்கும் வரை விசையில் விரல் வைக்காதே. வாய் எப்போதும் இலக்கைப் பார்த்தே இருக்கட்டும்." துப்பாக்கியின் வாயைச் சொன்னார், என் வாயை அல்ல.

லூகரில் எட்டுத் தோட்டாக்கள். விசையை அழுத்தினேன். குண்டு முன்னே பாய்ந்த அதே வேகத்தின் எதிர்வீச்சு, துப்பாக்கியின் மேல்பாகத்தை முழங்காலை மடக்குவதுபோல மடக்கித் தூக்கிற்று. வெற்றுத் தோட்டா வெளியே துள்ளி விழுந்தது. உள்ளே இருக்கும் வில் அதை மறுபடி நிமிர்த்தி, அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளிவிட்டது. எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள்! ஒரு அழுத்தலுக்கு ஒரு குண்டு. மற்ற வேலையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்கிறது. தையல் மெஷினின் நேர்த்தியை ரசிக்கத் தெரிந்தவர்களுக்கு இதுவும் பிடித்துப் போகும். எனக்குப் பிடித்தது. அதை மறைப்பானேன்?

பிறகு பிரௌனிங்கை என் கையில் வைத்து, "இதன் கூடப் பிறந்ததைக் காட்சிசாலையில் போய்ப் பார்" என்றார் பெரியவர்.

மறுநாள் ராணுவ சரித்திரக் காட்சிசாலையில் பார்த்தேன். 1914 ஜூன் 28-ம் தேதி, ஸரயேவோ நகரத்தில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டையும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஸோபியையும் சுட்ட துப்பாக்கி அது. பல காலம் பாதிரிமார்களின் பாதுகாப்பில் இருந்து, 2004-ல் அங்கே வந்து சேர்ந்ததாம். சுட்டது இரண்டே குண்டுகள். தாயும் தகப்பனும் போய், மூன்று குழந்தைகள் அனாதையாயின. ஒரு மாதத்தில் உலக யுத்தம் மூண்டது.

எனக்கு அப்போது மணியாச்சி ஸ்டேஷன் நினைவு வந்தது. அதற்கு மூன்று வருஷம் முந்தி, 1911 ஜூன் 17-ம் தேதி, வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டதும் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங்கினால்தான். கொடைக்கானலில் இருந்த நாலு குழந்தைகளைப் பார்க்கப் புறப்பட்ட அந்தத் துரையின் எதிரே, அவர் மனைவி மேரி உட்கார்ந்திருந்தாள். வாஞ்சியும் அங்கேயே தன்னைச் சுட்டுக்கொண்டு உயிரை விட்டார். அவருக்கும் வீட்டில் மனைவி இருந்தாள், பெயர் பொன்னம்மாள். வாஞ்சியின் தியாகத்தைப் பற்றிப் பேசச் சரித்திரக்காரர்கள் இருக்கிறார்கள். ஸோபி, மேரி, பொன்னம்மாள் என்ற மூன்று பெண்களை நாமாவது ஒரு நிமிஷம் நினைப்போமே!

அன்று மாலை பெரியவர் வீட்டில் காப்பி. துப்பாக்கிகள் இருக்கும் இரும்புப் பெட்டியின் ரகசிய எண் அவர் மனைவிக்குக் கூடத் தெரியாது.

"இந்த வீட்டில் என்னால் திறக்க முடியாத பெட்டி அது ஒன்றுதான்" என்றாள் அந்த அம்மாள், சிரித்துக்கொண்டே. பிறகு சிரிப்பு மறைந்தது. "லீவுக்குப் பேரன் வருகிறான். பெட்டியில் என்ன என்று கேட்கிறான். தாத்தாவின் பழைய கடிகாரங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எத்தனை நாள் சொல்ல முடியும்? மற்ற இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும். அந்தச் சின்னது மட்டும் வேண்டாம். அது ஆரம்பித்து வைத்த யுத்தத்தில்தான் என் பாட்டி இருபத்து மூன்று வயதில் தாலியறுத்தாள்."

அவர்கள் ஊரில் தாலி ஏது என்று கேட்காதீர்கள். அந்த அம்மாள் சொன்னதற்கு எனக்குத் தெரிந்த தமிழ் அதுதான். பெரியவர் பதில் பேசவில்லை. காப்பியை வெகு நேரம் கலக்கிக்கொண்டிருந்தார்.

இந்தப் பொங்கலுக்கு அவரிடமிருந்து கடிதம் வந்தது. சின்னதை லைசென்ஸ் உள்ள வியாபாரியிடம் கொடுத்துவிட்டாராம். பேரனுக்கும் உண்மையைச் சொல்லிவிட்டார்களாம்.

நம் தேசத்தில் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் பொதுவாகத் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. ஆகையால் உங்கள் வீட்டில் வரக்கூடியது தீபாவளிப் பொட்டு வெடித் துப்பாக்கிதான். தாராளமாக வாங்கிக் கொடுங்கள். குழந்தைகள் சுவரைப் பார்த்துச் சுடட்டும். ஆனால் அண்ணன் தங்கையைப் பார்த்துக் குறி வைத்தானானால், விளையாட்டுத்தானே என்று விடாமல், அந்த நிமிஷமே பிடுங்கி அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிடுங்கள்.