மூன்றாவது நோட்டு

ஜூன் 8, 2025, ஞாயிறு

சென்னையிலிருந்து தம்பி பேசினான். அவன் மகள் பாப்பாவுக்குக் கல்லீரல் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்று டாக்டர்கள் முடிவாகச் சொல்லிவிட்டார்களாம். பதின்மூன்று மாதக் குழந்தை. பித்தநாள அடைப்பு. கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் குடலுக்கு இறங்க வழியில்லாமல் அங்கேயே தேங்கிக் கல்லீரலைக் கெடுத்துவிடுகிறது. ஜப்பானிய டாக்டர் கசாய் பெயரில் ஓர் அறுவை உண்டு. அதைப் பிறந்து இரண்டு மாதத்துக்குள் செய்தால் பலன் கூடுதல். கண் மஞ்சளாக இருக்கிறதே என்று கேட்டபோது தெருவே வெயிலில் காட்டச் சொன்னது, காட்டினோம். மலம் வெள்ளை வெளேரென்று போகிறதா என்று கேட்டவர் ஒருவருமில்லை. அறுவை நடக்கும்போது நூறு நாள் தாண்டியிருந்தது. பித்தநீர் இறங்கவில்லை.

தம்பியே தன் கல்லீரலில் இடப்பக்கத் துண்டு ஒன்றைக் கொடுக்கப் போகிறான். வெட்டிய இடம் சில மாதத்தில் வளர்ந்துவிடும் என்கிறார்கள். அவன் தேங்காய் மண்டியில் லோடு ஏற்றுகிறவன். அத்தனை மாதமும் பாரம் தூக்கக் கூடாது. செலவு என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்தது பதினெட்டு லட்சம். வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது என்று அந்தத் தாளில் இல்லை.

“என்னக்கா செய்ய?” என்றான். “நோட்டை எடுக்கிறேன், வை” என்றேன்.

ஜூன் 11, புதன்

அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மொய் நோட்டுகள் எல்லாம் அதில்தான். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக இரண்டு வரி: பெரும்பாலும் ஆனி, ஆடி மாதங்களில் ஊருக்குப் பத்து இருபது பேர் சேர்ந்து ஒரே பந்தலில் கறிவிருந்து வைப்பார்கள். ஆளுக்கொரு மேசை. சாப்பிட்டவர்கள் தங்களுக்கு உரியவர் மேசையில் மொய் எழுதுவார்கள். அது தானமல்ல. எழுதியவர் வீட்டில் விருந்து வரும்போது அந்தத் தொகையை, முடிந்தால் கொஞ்சம் கூட்டி, திருப்பிச் செய்ய வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஒரு வீட்டு முறை வரும். பத்திரம், கையெழுத்து, ஜாமீன் எதுவும் கிடையாது. ஆடியில் கல்யாணம் இல்லாததால் மண்டபமும் சமையல்காரர்களும் சும்மா இருப்பார்கள், அதனால் ஆடியில் கூடுதல்.

நாங்கள் கடைசியாக விருந்து வைத்தது 2017. அடுத்த வருடம் நவம்பரில் கஜா புயல் வந்து தென்னையை எல்லாம் சாய்த்தது. நோட்டைப் புரட்டினால் புயல் எந்தப் பக்கத்தில் அடித்தது என்று தெரிகிறது. ஐயாயிரம், பத்தாயிரம் என்று போய்க்கொண்டிருந்தது சட்டென்று ஐந்நூறு, ஆயிரமாகிவிடுகிறது. பிறகு கொரோனா. 2022இல் வர வேண்டிய எங்கள் முறையைத் தம்பி தள்ளிப் போட்டான், “எல்லாரும் எந்திரிச்சு நிக்கட்டும்க்கா” என்று. ஆனால் மற்றவர் வீட்டு விருந்துக்கெல்லாம் போய்ச் செய்துகொண்டேதான் இருந்தான்.

சத்துணவுக்கூடத்தில் அரிசிக்கும் முட்டைக்கும் கணக்கு எழுதிப் பழகிய கை. இரவு பதினோரு மணிக்குக் கூட்டி முடித்தேன். ஊரிடமிருந்து எங்களுக்கு வர வேண்டியது ஒன்பது லட்சத்துச் சொச்சம்.

ஜூன் 15, ஞாயிறு

திண்ணையில் பெரியவர்கள் கூடினார்கள். ஆடி நாலாம் தேதி பக்கத்து ஊரில் பதினோரு பேர் சேர்ந்து விருந்து வைக்கிறார்கள். பன்னிரண்டாவதாகத் தம்பி பெயரையும் பத்திரிகையில் போட ஒத்துக்கொண்டார்கள். கறிக்கும் பந்தலுக்கும் அவன் பங்கு தர வேண்டாம் என்று அவர்களே சொல்லியனுப்பினார்கள்.

அதுவரை சுமுகம். நான் வாயைத் திறந்ததும் சண்டை வந்தது.

“பழைய மொய் வரட்டும், அது நம்ம காசு. புதுசா யாரும் எழுத வேணாம். குடுக்கிறவங்க அன்பளிப்பா குடுக்கட்டும்” என்றேன். பாப்பாவுக்கு ஆயுள் முழுக்க மாத்திரை உண்டு. உடம்பு புதுக் கல்லீரலை அந்நியமென்று தள்ளிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ் என்றொரு மருந்து. ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று அடிக்கடி பார்க்க வேண்டும். கூடினால் சிறுநீரகத்துக்கு ஆகாது, குறைந்தால் கல்லீரலுக்கு ஆகாது. அந்தச் செலவோடு புது மொய்க் கடனையும் அவன் எப்படித் தூக்குவான்?

பெரியப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். “ஏத்தா, நீ சொல்றது சரிதான். ஆனா தர்மம்னு எழுதிட்டா நாளைக்கு எங்க வீட்டு விசேஷத்துக்கு வந்து உக்காந்து சாப்பிட அவனுக்குக் கூச்சமா இருக்குமே?”

போன வருடம் ஆகஸ்டில் வயநாடு நிலச்சரிவுக்காகத் திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடைக்காரர் மொய் விருந்து வைத்தாரே, சாப்பிட்டவர்கள் இஷ்டப்பட்டதைப் போட்டுவிட்டுப் போனார்களே, யார் திருப்பிக் கேட்டார்கள் என்றேன். “வயநாட்டுக்காரன் நம்ம பந்தியில உக்காரப் போறதில்ல. உன் தம்பி உக்காருவான்” என்றார்.

கடைசியில் மூன்று நோட்டு என்று முடிவாயிற்று. பழைய மொய் ஒன்று, புது மொய் ஒன்று, திருப்ப வேண்டாத அன்பளிப்பு ஒன்று. எதில் எழுதுவது என்பது எழுதுகிறவர் விருப்பம். மூன்றாவது நோட்டு என் பொறுப்பு.

ஜூன் 24, செவ்வாய்

காகித நாள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ. சான்று வாங்கியாயிற்று. அந்தத் திட்டத்தில் பொதுவாகக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை; கல்லீரல் மாற்றுக்குத் தனி நிதியிலிருந்து அதற்கு மேலும் உண்டு. எங்கள் மருத்துவமனைக் கணக்கு அதில் முழுதாக நிரம்புமா தெரியாது, ஆனாலும் விடக்கூடாது. பிரதமர் நிவாரண நிதிக்கு எம்.பி. கடிதத்தோடு தனி மனு. கிடைத்தால் பணம் நம் கைக்கு வராது, நேரே மருத்துவமனைக்குப் போகும். அதுவும் அவர்கள் பட்டியலில் உள்ள மருத்துவமனையாக இருந்தால்தான்.

பட்டுக்கோட்டையில் ஆடிட்டரைப் பார்த்தேன். அவர் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கல்யாணத்தில் வருகிற அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது. சீக்காளிக்கு வருகிற அன்பளிப்பு, உறவினர் அல்லாதவர்களிடமிருந்து வருடத்துக்கு 50,000க்கு மேல் போனால் வருமானமாகக் கணக்காகும். கொடுப்பவருக்கும் வரிச்சலுகை இல்லை, பதிவுபெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால்தான் அது. “தெரிஞ்ச டிரஸ்ட் இருந்தா வெளியூர்ப் பணத்தை அது வழியா மருத்துவமனைக்குக் கட்டச் சொல்லுங்க. புது மொய் கடன்தான், ஆனா ஒருத்தர் இருபதாயிரமோ அதுக்கு மேலயோ எழுதினா ரொக்கமா வாங்காதீங்க, பேங்க் வழியா வரட்டும்” என்றார். ஃபீஸ் வாங்கவில்லை.

ஜூலை 2, புதன்

தெருப் பையன்கள் வாட்ஸ்அப்பில் போட வீடியோ எடுக்க வேண்டுமென்றார்கள். மூக்கில் குழாயோடு பாப்பா, பின்னால் சோகப் பாட்டு. தம்பி மனைவி போனிலேயே மறுத்துவிட்டாள். அவள் செய்ததுதான் சரி. அந்தக் குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போகும்போதும் அந்தப் படம் எங்கேயாவது சுற்றிக்கொண்டுதான் இருக்கும். இப்படி வருகிற படங்களில் பாதி மூன்று வருடம் பழையவை. வங்கி எண்ணை மட்டும் மாற்றித் திரும்ப அனுப்புகிறவர்களும் உண்டு. எனவே படமில்லாமல் ஒரு பக்கம் எழுதினோம். நோயின் பெயர், மருத்துவமனையில் பாப்பாவின் பதிவு எண், மருத்துவமனையின் சொந்தக் கணக்கு. சந்தேகமிருந்தால் விசாரிக்க அங்குள்ள சமூகப் பணியாளரின் எண், அவருடைய சம்மதத்தோடு. தனியாள் க்யூஆர் கோடு ஒன்றுகூடப் போடவில்லை. பையன்களுக்கு ஏமாற்றம். ஆனால் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அன்றிரவே கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

ஜூலை 20, ஞாயிறு, ஆடி 4

கால் வீக்கத்தோடு எழுதுகிறேன். விடிகாலை மூன்று மணிக்கே கறி வெட்டத் தொடங்கினார்கள். பத்து மணிக்கெல்லாம் மண்டபத்துக்கு வெளியே சாலை வரை வண்டி. இலைக்கு இலை சோறு, கறிக்குழம்பு, அப்புறம் ரசம். சைவக்காரர்களுக்குத் தனிப் பந்தி. ஒரு மேசையில் மட்டும் நோட்டுக்குப் பதில் லேப்டாப், பணம் எண்ணும் மிஷின். வங்கியிலிருந்து வந்தவர்கள் பணத்தை அங்கேயே கணக்கில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் மேசையில் மூன்று நோட்டு, மூன்று எவர்சில்வர் அண்டா. புயலுக்கு முன் தம்பி பத்தாயிரம் எழுதிய கொத்தமங்கலத்துக்காரர் பத்தாயிரத்தை வைத்து, “இது உன்னோடது” என்றார். பிறகு இன்னொரு ஐயாயிரத்தை எடுத்து, “இது என்னோடது, புதுசுல எழுது” என்றார். மூன்றாவது நோட்டைக் காட்டி, “அண்ணே, இதுல எழுதினா திருப்ப வேணாம்” என்றேன். “எனக்கென்ன பைத்தியமா? அவன் நல்லா வருவான், வந்து செய்வான்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

நாள் முழுக்க இதேதான். திருப்ப வேண்டாம் என்று சொல்லச் சொல்லத்தான் புது நோட்டில் எழுதினார்கள். புயலில் தோப்பை இழந்த ஒருவர் தர வேண்டியதில் பாதியை வைத்து, மீதிக்குத் தை மாதம் வரை தவணை கேட்டார். ஆளைக் காணாதவர்களும் உண்டு. அவர்கள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, நோட்டில் இருக்கிறது.

கீரமங்கலம் பூச்சந்தையில் உதிரிப்பூ கட்டுகிற ஆத்தா ஒருத்தி வந்தாள். பிள்ளை குட்டி கிடையாது, இனி அவள் வீட்டில் விசேஷமென்று எதுவும் இல்லை. ஐந்நூறு ரூபாயை நீட்டி, புது மொய் என்றாள். “ஒனக்கு எப்படி ஆத்தா திருப்பிச் செய்யிறது?” என்று கேட்டுவிட்டேன். “நான் செத்தா எடுத்துப் போடணும்ல, அதுல கழிச்சுக்கங்க” என்றாள். எழுதினேன்.

ஜூலை 21, திங்கள்

பழைய மொய் திரும்பியது எட்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. புது மொய் ஐந்தரை லட்சம். அன்பளிப்பு மூன்றே கால் லட்சம். அந்த மூன்றே கால் லட்சத்தில் ஊருக்குள்ளிருந்து வந்தது நாற்பதாயிரம்கூட இல்லை. மற்றதெல்லாம் திருப்பூர், சிங்கப்பூர், தம்பியோடு படித்தவர்கள், பெயர் சொல்லாத இரண்டு மூன்று பேர். எங்கள் பந்தியில் உட்கார வேண்டிய அவசியமில்லாதவர்கள்தான் தானமாகக் கொடுத்தார்கள். உட்கார வேண்டியவர்கள் கடனாகக் கொடுத்தார்கள்.

பெரியப்பா சொன்னது நடந்துவிட்டது. எனக்கு இன்னும் கோபம்தான். தம்பியின் மானம் காப்பாற்றப்பட்டது, ஐந்தரை லட்சம் அவன் தலையில் ஏறியது. இரண்டும் உண்மை.

மருத்துவமனைக்கு முன்பணம் கட்டினோம். வழக்கமாக யுபிஐயில் ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் போகும், மருத்துவமனைக்கென்றால் ஐந்து லட்சம் வரை போகும் என்று வங்கியில் சொல்லிக் கொடுத்தார்கள். பணக்கட்டோடு ரயிலேறும் பயம் இல்லாமல் போயிற்று.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலை ஆறரைக்குத் தம்பியை உள்ளே கொண்டுபோனார்கள், சற்று நேரம் கழித்துப் பாப்பாவை. பக்கத்துப் பக்கத்துத் தியேட்டர். இரவு ஒன்பதரைக்குச் சேதி வந்தது. புதுத் துண்டில் ரத்தம் ஓடுகிறது, பித்தநீர் சுரக்கிறது. இன்றைக்கு இவ்வளவுதான் எழுத முடியும்.

செப்டம்பர் 7, ஞாயிறு, ஆவணி 22

மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். ஊருக்கு உடனே போகக் கூடாது, தொற்று வந்துவிடும். பார்க்க வருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்புவது என் வேலை. அதில் எனக்குக் கெட்ட பெயர் வந்தாயிற்று, வரட்டும். பாப்பாவின் கண் வெள்ளையாக இருக்கிறது. மாத்திரை காலை எட்டு, இரவு எட்டு. வயிற்றில் நீண்ட தழும்போடு அப்பாவும் மகளும் ஒரே பாயில் தூங்குகிறார்கள்.

காப்பீடு, மொய், அன்பளிப்பு எல்லாம் சேர்ந்து மருத்துவமனைக் கணக்கு நேராகிவிட்டது. கையிருப்பைத் தனிக் கணக்கில், மருந்துக்கு மட்டும் என்று போட்டிருக்கிறேன். ஒரு வருடத்துக்கு வரும். யாராவது இப்படிப் பணம் திரட்டப் போகிறீர்கள் என்றால் அறுவைக்கு மட்டும் கேட்காதீர்கள். அதற்குப் பின்னால் வருகிற மாதங்களுக்கும் சேர்த்துத் தொகை சொல்லுங்கள். அறுவை முடிந்தபின் மறுபடியும் கேட்டால் காது கொடுக்க ஆள் இருக்காது.

நேற்றுச் சேந்தன்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பத்திரிகை போட்டோவாக வந்தது. அடுத்த வாரம் விருந்து. நோட்டைப் பார்த்தேன், நமக்கு இரண்டாயிரம் புது மொய் எழுதியவர்தான். தம்பியிடம் காட்டலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அவனே எட்டிப் பார்த்துவிட்டான். “ரெண்டாயிரம் அனுப்பிடுக்கா. கூட ஐந்நூறு போடு” என்றான். அனுப்பினேன். ஐந்நூறு கூட்டவில்லை, அவனிடம் சொல்லவுமில்லை.

மொய் எழுதுகிற நம் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு ஒன்று. புதுசாகத்தான் எழுதுவோம் என்கிறீர்கள், எழுதுங்கள். நோய்க்கென்று எழுதிய மொய்யை ஐந்து வருடத்தில் கேட்காதீர்கள். பத்தாக்குங்கள். கூட்டிச் செய்ய வேண்டும் என்று அந்த வீட்டுக்காரரிடம் எதிர்பார்க்காதீர்கள். அடுத்த ஆனியில் திண்ணையில் கூடும்போது இதை நான் மறுபடியும் கேட்பேன்.