விளக்கம் இலவசமான பிறகு

கற்பித்தலைப் பற்றி எழுதும்போது 'இலாபம்' என்ற சொல்லைப் பயன்படுத்த நம்மவர்க்குக் கூச்சம் அதிகம். பேரவை இதழில் இதைப் பேசலாமா என்று நானும் சற்று யோசித்தேன். ஆனால், நம் மாணவர்களில் பலர் பிரத்தியேக வகுப்பு நடத்தித்தான் படிப்புச் செலவைச் சமாளிக்கிறார்கள். பட்டம் பெற்ற பின் அதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டோரும் இருக்கிறோம். வீட்டு வாடகையும் கல்விக் கடனும் நம் கூச்சத்தைப் பார்த்துத் தள்ளுபடி தருவதில்லை.

நான் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு இயங்கலையில் கூடுதல் கணிதம் கற்பிக்கிறேன். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்த வகுப்பு அது. மறு ஆண்டு, பாடங்களை ஒளிப்பதிவு செய்து, செய்துகாட்டிய கணக்குகளையும் சேர்த்து, ஒரு தொகுப்பு 80 ரிங்கிட் என்று விற்றேன். மாதம் நாற்பது தொகுப்புகள் போயின. தூங்கும்போதும் பணம் வரும் என்பார்களே, அந்த அதிசயத்தைச் சில காலம் அனுபவித்தேன்.

2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்தது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் என் தொகுப்பு மாதம் பத்துகூடப் போகவில்லை. இது என் ஒருத்தியின் கதை அன்று. அமெரிக்க மாணவர்களுக்கு வீட்டுப்பாட விடைகளை மாதச் சந்தாவில் விற்றுவந்த நிறுவனம் 'செக்'. சாட்ஜிபிடியால் புதிய வாடிக்கையாளர் வரவு குறைகிறது என்று அது அறிவித்தவுடன், 2023 மே 2-ஆம் தேதி ஒரே நாளில் அதன் பங்கு விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. 2025 ஜூலையில், விடையை உடனே கொட்டிவிடாமல் கேள்வி கேட்டுப் படிப்படியாக நடத்திச் செல்லும் கற்றல் முறையையும் சாட்ஜிபிடி கொண்டுவந்தது. நல்ல விளக்கம் இனிக் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீர்.

அப்படியானால் எதை விற்பது?

என் மாணவன் ஒருவனைச் சொல்கிறேன். ஓர் எண்ணின் வர்க்கம் 25 என்றால், அந்த எண் ஐந்தாகவும் இருக்கலாம், மைனஸ் ஐந்தாகவும் இருக்கலாம். அவன் எப்போதும் ஐந்தை மட்டுமே எழுதுவான். இருபடிச் சமன்பாட்டில் செய்த அதே தவற்றை மாதங்கள் கழித்துத் திரிகோணமிதியிலும் செய்தான். அவன் தாள்களைத் தொடர்ந்து திருத்தி வந்ததால் இரண்டும் ஒரே நோய் என்பது எனக்குத் தெரிந்தது. இயந்திரத்தாலும் இது முடியும் என்பதை மறைக்க விரும்பவில்லை. தாளைப் படம் பிடித்துக் காட்டினால் அதுவும் பிழையைச் சுட்டும். ஆனால், அவன் காட்ட வேண்டுமே! பின்தங்கிய பிள்ளை கேட்பதில்லை. தானாகக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் நான் தேவைப்படுவதில்லை.

இதற்கு ஓர் ஆய்வும் துணை நிற்கிறது. ஹார்வர்ட், எம்.ஐ.டி. ஆகியவை எட்எக்ஸ் தளத்தில் நடத்திய பாடங்களைப் பற்றி 2019-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. 2017-18 கல்வியாண்டில் சேர்ந்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் நூற்றுக்கு மூவர்தாம். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 46 பேர். சாட்ஜிபிடி வருவதற்கு முன்பே, உலகின் தலைசிறந்த விளக்கங்கள் இலவசமாகக் கிடைத்தபோதே நிலைமை இதுதான். பாடம் இல்லாமல் யாரும் தோற்கவில்லை. உட்கார்ந்து முடிக்கத்தான் ஆளில்லை.

ஆகவே, நான் இப்போது விற்பது அந்த 'உட்கார வைக்கும்' வேலையை. குழுவுக்கு ஆறு பேர். வாரம் ஒரு நேரடி வகுப்பு. கையால் எழுதிய பயிற்சி வியாழன் இரவுக்குள் புலனத்தில் வந்தாக வேண்டும். வராவிட்டால் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அழைப்பேன். மாதம் 120 ரிங்கிட். ஒரு தாயார் வெளிப்படையாகவே சொன்னார்: "டீச்சர், நீங்க போன் பண்ணிருவீங்கன்னு பயந்துதான் உக்காந்து எழுதுறான்." அந்தத் தொலைபேசி அழைப்புக்குத்தான் அவர் பணம் கட்டுகிறார். பழைய ஒளிப்பதிவுகளை எல்லாம் இலவசமாக விட்டுவிட்டேன். அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் புதியவர்கள் என்னைத் தேடி வருகிறார்கள்.

இயந்திரத்தையும் சும்மா விடவில்லை. பயிற்சிக் கேள்விகளை அதனிடமே எழுதி வாங்குகிறேன். நம் பாடத்திட்டத்தில் இல்லாததை நுழைத்துவிடும் என்பதால் ஒவ்வொன்றையும் நானே செய்து பார்ப்பேன். அப்படியும், முன்பு ஞாயிறு முழுவதையும் விழுங்கிய வேலை இப்போது இரண்டு மணி நேரத்தில் முடிகிறது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எட்டுக் குழு, 48 மாணவர். வகுப்புக்கு வாரம் 12 மணி நேரம்; ஆளுக்குக் கால் மணி வீதம் தாள் திருத்த இன்னொரு 12; கேள்வி தயாரிக்கவும் பெற்றோருடன் பேசவும் ஆறு. ஆக, மாதம் 120 மணி நேரம். எல்லாரும் கட்டினால் 5,760 ரிங்கிட். ஆனால், ஒவ்வொரு குழுவிலும் ஓர் இடத்துக்குக் கட்டணம் வாங்குவதில்லை. எனவே 4,800, மணிக்கு 40 ரிங்கிட்.

அந்த ஆறாவது இடம்தான் என்னை உறுத்துகிறது. 80 ரிங்கிட் தொகுப்பை ஒரு வீட்டில் வாங்கி அண்ணன், தங்கை, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று மூவர் பார்த்தார்கள். என் கவனத்தை அப்படிப் பகிர முடியாது. அது விலை உயர்ந்த சரக்காகிவிட்டது. இலவச இடத்துக்கு இவ்வாண்டு எட்டு இடங்களுக்கு இருபதுக்கும் மேற்பட்டோர் கேட்டார்கள். மற்றவர்களுக்கு ஒளிப்பதிவுகளை அனுப்பினேன். அவர்களில் எத்தனை பேர் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள் என்பதை மேலே சொன்ன ஆய்வே ஊகிக்க வைக்கிறது.

அண்மையில் பேரவைத் தம்பி ஒருவர், ஒளிப்பதிவுக் கருவி வாங்கி இயற்பியல் பாடத் தொகுப்பு தயாரிக்கப் போவதாகச் சொல்லிக் கருத்துக் கேட்டார். கருவி வேண்டாம், முதலில் மூன்று பிள்ளைகளைச் சேர்த்து இரண்டு மாதம் தாள் திருத்துங்கள், அவர்கள் செய்யும் பிழைகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் என்றேன். தொடங்கிவிட்டார். போன வாரம் புலனத்தில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: "அக்கா, ரெண்டு பேர் அனுப்பிட்டாங்க. மூணாவது பையன் போனை எடுக்கவே மாட்டேங்கிறான். என்ன செய்ய?"

அம்மாவின் எண்ணை வாங்குங்கள் என்று பதில் எழுதினேன்.